நட்சத்திரம் பார்த்துக் கப்பலின் இடம் கணிக்க எந்தக் கால்குலேட்டர்?

விலை உயர்ந்த நேவிகேஷன் கருவி கட்டாயமில்லை. சைன், காஸ், அவற்றின் தலைகீழ்ச் சார்புகள் (sin⁻¹, cos⁻¹), நாலைந்து நினைவக எழுத்துகள் உள்ள சாதாரண சயின்டிஃபிக் கால்குலேட்டரே போதும். அட்சரேகையையும் டெக்ளினேஷனையும் (வான நடுக்கோட்டிலிருந்து நட்சத்திரம் வடக்கே அல்லது தெற்கே விலகியிருக்கும் கோணம்) தனித்தனி எழுத்தில் சேமித்துவிட்டால் திரும்பத் திரும்பத் தட்ட வேண்டாம்.

வாங்கும்முன் பாகை-நிமிட விசையைச் சோதியுங்கள். நட்சத்திரங்களின் இடங்களைத் தரும் ஆண்டுப் புத்தகமான நாட்டிகல் அல்மனாக்கில் கோணங்கள் பாகையிலும் தசம நிமிடத்திலும் இருக்கும், நொடி கிடையாது. 35 பாகை, 24.6 நிமிடம் என்று கொடுத்தால் 35.41 வர வேண்டும். அந்த விசை இல்லையென்றால் நிமிடத்தை 60-ஆல் வகுத்துக் கூட்டுங்கள். அவசரத்தில் 35.246 என்று தட்டினால் உயரக்கோணத்தில் (அடிவானத்திலிருந்து நட்சத்திரத்தின் உயரம்) ஏறக்குறைய 10 நிமிடம் பிசகும். கோணத்தில் ஒரு நிமிடம் பிசகினால் கடலில் ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்!

அப்புறம், கால்குலேட்டர் பாகைக்குப் பதில் ரேடியன் மோடில் (கோணத்தின் வேறொரு அலகு) கிடக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். சைன் 30 அழுத்தினால் 0.5 வந்தால் சரி.

போனில் செயலி வசதிதான், ஆனால் ஈரக் கையில் தொடுதிரை படுத்தும், சார்ஜும் நிற்காது. சூரிய ஒளியோடு பேட்டரியிலும் ஓடும் கால்குலேட்டர்தான் என் தேர்வு. வெறும் சோலார் என்றால் இரவில் உதவாது. விலை குறைவு என்பதால் ஒரே மாடலில் இரண்டு வாங்கி, ஒன்றை நீர்புகாப் பையில் போட்டு வையுங்கள்.