செல்லில் ஆர்.ஓ.எஸ் அளப்பது எப்படி? முதலில் எந்த மூலக்கூறு என்று முடிவு செய்யுங்கள்

ஆர்.ஓ.எஸ் (ஆக்சிஜனிலிருந்து உருவாகி எளிதில் வினைபுரியும் பொருள்கள்) என்று ஒரு தனி மூலக்கூறு கிடையாது. சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு, ஹைட்ராக்சில் ராடிக்கல் எல்லாவற்றையும் அந்த ஒரே பெயரில் அடைத்துவிடுகிறோம். ஆனால் ஹைட்ராக்சில் ராடிக்கல் செல்லுக்குள் ஏறக்குறைய ஒரு நானோநொடிதான் தாங்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு ராடிக்கலே (இணைசேராத எலக்ட்ரான் உள்ள மூலக்கூறே) அல்ல, சவ்வைத் தாண்டிப் போகும் அளவுக்கு நிலையானது. இரண்டையும் ஒரே சாயத்தால் பிடிக்க முடியாது.

பலரும் முதலில் எடுப்பது டி.சி.எஃப்.எச்-டி.ஏ என்ற சாயம், அது செல்லுக்குள் ஆக்சிஜனேற்றமானால் டி.சி.எஃப் ஆகி ஒளிரும். எடுக்கலாம், ஆனால் ஒழுங்காகச் செய்யுங்கள். சீரத்தில் இருக்கும் எஸ்டரேஸ் நொதிகள் சாயத்தை வெளியிலேயே வெட்டிவிடும், அதனால் சீரமும் ஃபீனால் ரெட்டும் (வளர்ப்பு ஊடகத்தின் நிறங்காட்டி) இல்லாத பஃபரில் செல்களைக் கழுவி, 10 மைக்ரோமோலார் சாயம் சேர்த்து, 37 டிகிரியில் 30 நிமிடம் இருட்டில் வைத்து, மறுபடி கழுவி, 485 நானோமீட்டரில் தூண்டி 530-இல் படியுங்கள். மைக்ரோஸ்கோப் வெளிச்சமே இந்தச் சாயத்தை ஆக்சிஜனேற்றும். ஆகவே எல்லா மாதிரிக்கும் ஒரே அளவு வெளிச்சம், அதுவும் கொஞ்ச நேரம். சாயம் போடாத செல்கள், செல்லே இல்லாமல் சாயமும் மருந்தும் மட்டும் கலந்த குழி, இந்த இரண்டு கன்ட்ரோலும் கட்டாயம் வேண்டும். குர்குமின் மாதிரி தானே ஒளிரும் பொருளைச் சோதிக்கிறவர்கள் இதை விட்டால் மொத்த வேலையும் வீண்.

இவ்வளவு செய்தும் ஒளிர்வு கூடினால் பெராக்சைடு கூடியது என்று அர்த்தமில்லை. இந்தச் சாயம் ஹைட்ரஜன் பெராக்சைடோடு நேரடியாக வினைபுரிவது மிகக் குறைவு, நடுவில் இரும்போ பெராக்சிடேஸோ சைட்டோக்ரோம் சி-யோ வேண்டும். செல் சாகும்போது சைட்டோக்ரோம் சி மைட்டோகாண்ட்ரியாவை விட்டு வெளியே வந்தாலே ஒளிர்வு ஏறும். போதாததற்கு, சாயத்திலிருந்து உருவாகும் ராடிக்கல் ஆக்சிஜனோடு சேர்ந்து புதிதாகச் சூப்பராக்சைடை உண்டாக்கும். அளக்க வந்த சாயமே அளவைக் கூட்டுகிறது!

அப்புறம் என்ன செய்வது? செல் வெளியே விடும் பெராக்சைடுக்கு ஆம்ப்ளெக்ஸ் ரெட் சாயமும் ஹார்ஸ்ராடிஷ் பெராக்சிடேஸ் நொதியும் போதும். பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் நொதி சேர்த்ததும் சிக்னல் விழ வேண்டும், விழாவிட்டால் அந்த எண்ணை நம்பாதீர்கள். செல்லுக்குள் பார்க்க ஜீன் வழியாகச் செல்லே தயாரிக்கும் ஆர்.ஓ.ஜி.எஃப்.பி2-ஓ.ஆர்.பி1 என்ற ஒளிரும் உணரிப் புரதம் நல்லது, இரண்டு ஒளிர்வுகளின் விகிதத்தைப் படிப்பதால் புரதம் கூடக்குறைய இருந்தாலும் பெரிதாகப் பாதிக்காது. சூப்பராக்சைடுக்கு டைஹைட்ரோஎத்திடியம் சாயம். ஆனால் சிவப்பாகத் தெரிந்ததோடு நிறுத்தாதீர்கள். சூப்பராக்சைடு தருவது 2-ஹைட்ராக்சிஎத்திடியம், மற்ற ஆக்சிஜனேற்றங்கள் தருவது எத்திடியம், இரண்டும் சிவப்பு, எச்.பி.எல்.சி-யில் (கலவையைப் பிரிக்கும் கருவி) பிரித்தால்தான் வேறுபாடு தெரியும். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகும் அதன் வகையான மைட்டோசாக்ஸுக்கும் இதே கதைதான்.

ஈ.பி.ஆர் (ராடிக்கல்களை நேரடியாகக் காட்டும் நிறமாலைக் கருவி) வசதி இருந்தால், ராடிக்கலைப் பிடித்து நிறுத்தும் டி.எம்.பி.ஓ போட்டுப் பாருங்கள். 1:2:2:1 என்ற நான்கு கோடு வந்தவுடன் ஹைட்ராக்சில் ராடிக்கல் என்று எழுதிவிடாதீர்கள், ஏனென்றால் சூப்பராக்சைடு சேர்ந்த டி.எம்.பி.ஓ ஒரு நிமிட அளவில் சிதைந்து அதே கோடுகளைத் தரக்கூடும். சூப்பராக்சைடை அகற்றும் எஸ்.ஓ.டி நொதி சேர்த்து ஒருமுறை ஓட்டினால் எது எது என்று தெரியும்.

ஆக்சிஜனேற்றத் தடுப்பானாகப் பயன்படுத்தும் என்-அசிட்டைல் சிஸ்டீன் போட்டதும் விளைவு குறைந்தது, ஆகவே காரணம் ஆர்.ஓ.எஸ் என்ற வாதத்தையும் விட்டுவிடுங்கள். அது பெராக்சைடோடு மெதுவாகத்தான் வினைபுரியும், செல்லுக்குச் சிஸ்டீன் கொடுப்பது உட்பட வேறு பல வேலைகளும் செய்யும். செல்லில் கேட்டலேஸைக் கூட்டிப் பாருங்கள். அதுவரை வரைபடத்தின் அச்சில் "ஆர்.ஓ.எஸ் அளவு" என்று போடாமல் "டி.சி.எஃப் ஒளிர்வு" என்றே போடுங்கள்.