நாகர்கோவில் மணிமேடையும் வடசேரியும்: நடந்து பார்க்க ஒரு காலை

நாகர்கோவிலின் பழைய கடைத்தெருவைக் காரில் சுற்றிப் பார்ப்பது வீண். காலை ஆறரைக்கே வந்து நடந்துவிடுங்கள். ஒன்பதுக்கு மேல் பள்ளி வேன்களும் பஸ்களும் சேர்ந்து மணிமேடை என்கிற மணிக்கூண்டுச் சந்திப்பில் நிற்கவே விடாது. ஞாயிறு வேண்டாம், பல கடைகள் மூடியிருக்கும். பத்மநாபபுரம் அரண்மனையையும் சேர்த்துப் பார்ப்பதாக இருந்தால் திங்களும் ஆகாது, அன்று அங்கே விடுமுறை.

வெளியூர் பஸ்ஸில் வந்தால் வடசேரியில் இறங்குங்கள். பக்கத்திலேயே கனகமூலம் சந்தை. மட்டிப்பழம் என்ற வாழைப்பழம் வாங்கினால் பாதி பழுத்த சீப்பாகப் பாருங்கள். தோல் மெல்லியது, நன்றாகப் பழுத்தது பையில் நசுங்கிவிடும்.

அங்கிருந்து மணிமேடைக்கு நடை. திருவிதாங்கூர் மகாராஜா ஸ்ரீமூலம் திருநாள் 1893 பிப்ரவரி 15 அன்று திறந்துவைத்த கோபுரம் இது. கடிகாரம் லண்டன் மிஷனைச் சேர்ந்த டதி பாதிரியார் கொடுத்தது. சுமார் 60 அடிச் சங்கிலியில் தொங்கும் பளு இறங்க இறங்கப் பல்சக்கரங்கள் சுழலும். பளு கீழே வந்துவிட்டால் மறுபடி மேலே ஏற்றியாக வேண்டும். நடுத்திட்டுக்கு ஓடாதீர்கள். எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றாலே முழுக் கோபுரமும் படத்தில் அடங்கும்.

பத்து மணிக்கு வடசேரிக்கே திரும்புங்கள். இந்த ஊரின் கோயில் நகைகள் புவிசார் குறியீடு பெற்றவை. அவசரப்படாமல் பார்க்க வேண்டியவையும் அவைதான். வெள்ளித் தகட்டில் வடிவம் எடுத்து, அரக்கு நிரப்பி, கெம்புக்கல் பதித்து, கல்லைச் சுற்றித் தங்க ரேக்கை, அதாவது மெல்லிய தங்கத் தாளை, அழுத்துவார்கள். அடித்தகடு வெள்ளியா, முலாம் பூசிய செம்பா என்று கேட்டு, அதை பில்லிலும் எழுதி வாங்குங்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் மின்னும், விலை வேறு. எடையில் அரக்கும் கல்லும் சேர்ந்திருப்பதால் கிராம் கணக்கில் விலையை ஒப்பிட முடியாது.

நாட்டியத்துக்கு ஒட்டியாணம் சொல்லிச் செய்வதானால் இடுப்பளவை உடைக்கு மேல் எடுத்துக் கொடுங்கள். வெறும் இடுப்பை அளந்து கொடுத்தால் மடிப்புகளோடு கட்டும்போது கொக்கி எட்டாது. ஆடி முடித்ததும் வியர்வையை உலர்ந்த பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். சோப்புத் தண்ணீரோ சென்ட்டோ பட்டால் ரேக் மங்கும், வெயிலில் வைத்தால் அரக்கு இளகிக் கல் கழன்றுவிடும்.