தென்னாப்பிரிக்காவில் இருந்தபடியே லைஃப் சர்டிபிகேட்: ஊர்ப் பென்ஷன் நிற்காமல் பார்த்துக்கொள்ள

டர்பனிலோ ஜோஹன்னஸ்பர்க்கிலோ பிள்ளைகளோடு தங்கியிருக்கும் பெரியவர்களுக்கு ஊரிலிருந்து வரும் பென்ஷன் நின்றால், தூரத்தைக் குறை சொல்ல வேண்டாம். லைஃப் சர்டிபிகேட், அதாவது உயிரோடிருப்பதாக ஆண்டுதோறும் தரும் சான்று, கொடுக்கும் மாதத்தைத் தவறவிட்டிருப்பார்கள், அதில் செல்லாத முத்திரையை வாங்கியிருப்பார்கள், அல்லது இந்திய சிம் காலாவதியாகியிருக்கும்.

முதலில் மாதம். மத்திய அரசுப் பென்ஷனுக்கு நவம்பர். 80 வயது நிறைந்தவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். தமிழ்நாடு அரசுப் பென்ஷனுக்கு, அவரவர் ஓய்வுபெற்ற மாதம்தான் நேர்காணல் (உயிர்வாழ் சான்று தரும்) மாதம். பி.எஃப். பென்ஷனுக்கு எந்த மாதமும் கொடுக்கலாம், கொடுத்த நாளிலிருந்து ஓராண்டு செல்லும். ஒரே வீட்டில் அப்பா ரயில்வே, அம்மா அரசுப் பள்ளி ஆசிரியை என்றால் மாதங்கள் வேறாகலாம். இருவருக்கும் நவம்பர் என்று நினைத்துக்கொள்வதில்தான் பல வீடுகளில் குழப்பம் தொடங்குகிறது. தவறினாலும் பணம் போய்விடாது. சான்று சேர்ந்ததும் நிலுவையோடு வரும். ஆனால் வங்கியோடும் கருவூலத்தோடும் ஓயாமல் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டிவரும்.

எளிய வழி போன்தான். ஆண்ட்ராய்டு போனில் 'ஆதார் ஃபேஸ் ஆர்.டி.', 'ஜீவன் பிரமாண் ஃபேஸ்' ஆகிய இரண்டு செயலிகளையும் இறக்கிக்கொள்ளுங்கள். முன்பக்கக் கேமரா 5 மெகாபிக்சலுக்குக் குறையக் கூடாது. செயலி முதலில் 'ஆபரேட்டர்' யார் என்று கேட்கும். அங்கே மகனோ மகளோ தன் ஆதாரைக் கொடுத்து, ஓ.டி.பி. போட்டு, முகத்தைக் காட்டலாம்; பெரியவரே ஆபரேட்டராகவும் இருக்கலாம். இது ஒரு முறை செய்தால் போதும். அதன்பின் பென்ஷன்காரரின் ஆதார், மொபைல் எண், ஈமெயில், பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் ஆணை) எண், வங்கிக் கணக்கு எண், பென்ஷன் அனுமதித்த துறை, பணம் தரும் அமைப்பு என்று வரிசையாகக் கேட்கும். பெயரை ஆதாரில் உள்ளபடியே அடியுங்கள். 'எஸ். முருகேசன்' என்று பி.பி.ஓ.விலும் 'முருகேசன் சுப்பையா' என்று ஆதாரிலும் இருந்தால், ஊருக்குப் போகும்போது அதைச் சரிசெய்வதுதான் முதல் வேலையாக இருக்கட்டும்.

முகம் பதியும்போது வெளிச்சம் முன்னாலிருந்து வர வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் கறுத்துவிடும். கண்ணாடியைக் கழற்றச் சொல்லுங்கள், போனை நீங்கள் பிடியுங்கள், செயலி கேட்கும்போது பெரியவர் கண்ணைச் சிமிட்டினால் போதும். கண்புரை அறுவை முடிந்த கையோடு முயன்றால் எரிச்சல்தான் மிஞ்சும்; சில நாள் பொறுத்துச் செய்யலாம்.

பிரமாண் ஐ.டி. (சான்றின் எண்) வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். சான்று உருவாவது வேறு, பென்ஷன் தரும் இடம் அதை ஏற்பது வேறு. பி.பி.ஓ. எண்ணில் ஓர் இலக்கம் பிசகினாலும், பணம் தரும் அமைப்பைப் பட்டியலில் தவறாகத் தேர்ந்தாலும் நிராகரிப்பார்கள். ஜீவன் பிரமாண் தளத்தில் நிலையைப் பாருங்கள். பின்பு வங்கிக்கும் ஒரு போன் போடுங்கள். இந்தியா மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே மாலை 4 மணி என்றால் இங்கே பகல் 12.30. காலை வேலைகளை முடித்துவிட்டு ஆற அமரக் கூப்பிடலாம் என்றால் வங்கி மூடிவிடும்.

ஓ.டி.பி.க்கு இந்திய எண் உயிரோடு இருக்க வேண்டும். புறப்படுமுன் ரோமிங்கைத் திறந்துவிட்டு, ரீசார்ஜ் தேதியை இங்குள்ளவர் நாட்காட்டியில் குறித்துவையுங்கள். 90 நாள் பயன்படுத்தாத எண் கைவிட்டுப் போகலாம்.

ஆதார் இல்லாதவர்களுக்கும், மறுமணம் செய்தவர்களுக்கும், மறுபடி வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கும் காகிதச் சான்றுதான் வழி. வெளிநாட்டில் இருப்பவருக்கு மாஜிஸ்ட்ரேட், நோட்டரி, வங்கி அதிகாரி, இந்தியத் தூதரக அதிகாரி ஆகியோரில் ஒருவர் கையெழுத்திடலாம் என்பது மத்திய அரசு விதி. தென்னாப்பிரிக்காவில் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. இங்கே எந்த நகலுக்கும் போலீஸ் ஸ்டேஷனில் இலவசமாக முத்திரை போட்டுத் தருவார்கள். அந்தப் பழக்கத்தில் லைஃப் சர்டிபிகேட்டையும் அங்கே நீட்டுகிறார்கள். போலீஸ்காரர் போடுவது 'கமிஷனர் ஆஃப் ஓத்ஸ்' (உறுதிமொழி ஆணையர்) முத்திரை. மேலே சொன்ன நால்வரில் அவர் இல்லை. நோட்டரி என்பவர் அதற்கெனத் தகுதி பெற்ற வழக்கறிஞர், கட்டணம் வாங்குவார். வங்கி மேலாளர்கள் அறியாத படிவத்தில் கையெழுத்திடத் தயங்குவார்கள். ஆகவே தூதரகமே நல்லது: பிரிட்டோரியாவில் ஹை கமிஷன், ஜோஹன்னஸ்பர்க், டர்பன், கேப் டவுனில் துணைத் தூதரகங்கள். பாஸ்போர்ட், பி.பி.ஓ. நகல், படிவம் மூன்றையும் எடுத்துக்கொண்டு பெரியவரே நேரில் போக வேண்டும். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டுவிட வேண்டாம். அதிகாரி முன்னால்தான் போட வேண்டும். ஸ்கேன் எடுத்து வைத்துக்கொண்டு, அசலைக் கூரியரில் அனுப்புங்கள்.

வருகை விசாவில் சில வாரம் வந்திருப்பவருக்கு அடுத்த விஷயம் வேண்டாம். நிரந்தரமாக இங்கேயே தங்கிவிட்டவர் இந்தியச் சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. (வெளிநாடுவாழ் இந்தியருக்கான) கணக்காக மாற்ற வேண்டும். பென்ஷன் அதிலேயே வரும். என்.ஆர்.ஓ. வட்டிக்கு 30 சதவீதமும் செஸ்ஸும் பிடிப்பார்கள். வரி பிடிக்க வேண்டாம் என்று இந்தியாவில் வசிக்கும் மூத்த குடிமக்கள் தரும் 15எச் போன்ற படிவத்தைக் கொடுத்து, வரிக்கணக்கில் இந்தியவாசி அல்லாதவர் அதைத் தவிர்க்க முடியாது. தென்னாப்பிரிக்க வரித்துறையிடம் வரிக் குடியிருப்புச் சான்று வாங்கிக் கொடுத்தால், இரு நாட்டு ஒப்பந்தப்படி அது 10 சதவீதமாகக் குறையும். வெளிநாட்டில் பார்த்த வேலைக்காக வரும் பென்ஷனுக்குத் தென்னாப்பிரிக்கா வரி கேட்பதில்லை. வட்டிக்கும் அது பொருந்தும் என்று எண்ண வேண்டாம்.

80 வயதில் மத்திய அரசுப் பென்ஷன் 20 சதவீதம் கூடும். 85-இல் அது 30, 90-இல் 40. குடும்பப் பென்ஷன் வாங்கும் அம்மாக்களுக்கும் உண்டு. ஆனால் பழைய பி.பி.ஓ.க்களில் மனைவியின் பிறந்த தேதியே இருக்காது, அதனால் உயர்வும் வராது. 79 வயதிலேயே பி.பி.ஓ.வை எடுத்துப் பாருங்கள்.

இங்கே நிரந்தர வசிப்புரிமை பெற்ற 60 வயதுக்காரர், வருமானம் வரம்புக்குள் இருந்தால் தென்னாப்பிரிக்க சமூகப் பாதுகாப்பு முகமையான சாசாவின் முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். ஊர்ப் பென்ஷனையும் மறைக்காமல் வருமானத்தில் காட்ட வேண்டும். தொடர்ந்து 90 நாளுக்கு மேல் நாட்டைவிட்டு வெளியே இருந்தால் தொகை நிறுத்தப்படும். தீபாவளிக்குப் போய் பங்குனி உத்திரம் முடித்து வருகிறோம் என்பவர்கள் கவனிக்க.

பேசத் தயங்கும் ஒன்று: அப்பா இங்கே காலமானால். உள்துறை அலுவலகம் முதலில் தருவது சுருக்க இறப்புச் சான்று. அதற்கு அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் முத்திரை) கிடைக்காது; முழு விவரச் சான்றைத் தனியே கேட்டு வாங்கி, பிரிட்டோரியாவில் வெளியுறவுத் துறையில் முத்திரை பெற்று, பி.பி.ஓ.வோடு ஊருக்கு அனுப்ப வேண்டும். பென்ஷன் கணக்கு தம்பதி பெயரில் கூட்டுக் கணக்காக இருந்து, பி.பி.ஓ.வில் அம்மாவின் பெயரும் இருந்தால், புதுக் கணக்கு தொடங்கச் சொல்ல வங்கிக்கு இடமில்லை. அதே கணக்கில் குடும்பப் பென்ஷன் வரும். அப்பா இறந்தபின் கணக்கில் விழுந்த பென்ஷனை மட்டும் எடுக்காதீர்கள், அதை வங்கி திரும்பக் கேட்கும்.