ஸ்டன்ட்ஸ் விளையாட ஓர் அளவுகோல் வேண்டும்

1993-ல் திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு கணினிப் பயிற்சி மையத்தில் டிபேஸும் வேர்ட்ஸ்டாரும் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். இரவு எட்டு மணிக்குக் கடைசி வகுப்பு முடியும். என்னை வீட்டுக்கு அழைத்துப்போகத் தம்பி சைக்கிளில் வந்துவிடுவான். கதவைப் பூட்டுவதற்கு முன் அரை மணி நேரம், மூலையில் இருந்த 386 கணினியில் ஸ்டன்ட்ஸ் என்ற கார் பந்தய விளையாட்டை ஓட்டுவோம். ஒருவர் ஓட்ட, மற்றவர் கைக்கடிகாரத்தைப் பார்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம். கடிகாரத்தை யாரும் பார்த்ததில்லை.

போன தீபாவளிக்குத் தம்பி குடும்பத்தோடு வந்திருந்தபோது, அவன் மகனின் மடிக்கணினியில் அந்த விளையாட்டை ஏற்றினோம். கார் வந்தது, பாதை வந்தது, எஞ்சின் சத்தமும் கேட்டது. இரண்டாம் திருப்பத்திலேயே தம்பி கையை எடுத்துவிட்டான். "அக்கா, இது அந்த விளையாட்டு இல்லை" என்றான். அவன் சொன்னது உண்மை. படம் சப்பையாக இருந்தது, ஓட்டம் விட்டுவிட்டு வந்தது. அதைச் சரிசெய்ய எனக்கு இரண்டு மாலைப் பொழுதுகள் ஆயின. பழைய விளையாட்டை ஓட வைப்பது எளிது. அன்று ஓடியதுபோல ஓட வைப்பதற்குத்தான் வேலை இருக்கிறது. அந்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஸ்டன்ட்ஸ் 1990-ல் வந்தது. கனடாவின் டிஸ்டின்க்டிவ் சாஃப்ட்வேர் உருவாக்கியது, புரோடர்பண்ட் வெளியிட்டது. ஐரோப்பாவில் இதற்கு 4டி ஸ்போர்ட்ஸ் டிரைவிங் என்று பெயர். பழைய பெட்டிகளில் தேடுபவர்கள் இரண்டு பெயர்களையும் நினைவில் வையுங்கள். மறு ஆண்டே அந்த நிறுவனத்தை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வாங்கியது. பின்னர் நீட் ஃபார் ஸ்பீட் பிறந்ததும் அங்கேதான். பதினொரு கார்கள், ஆறு எதிராளிகள், தலைகீழாக ஓட்டிச் செல்லும் வளையம், திருகுப் பாதை, பாதி கட்டிய பாலத்திலிருந்து பாயும் தாவல். எல்லாவற்றுக்கும் மேலாக, நம் பாதையை நாமே அமைத்துக்கொள்ள ஒரு வரைபலகை.

முதலில் பிளாப்பியைப் பற்றி, அதாவது அன்று விளையாட்டைப் பதிந்து விற்ற தட்டைப் பற்றி. உங்களிடம் இருப்பது மூன்றரை அங்குல பிளாப்பி என்றால், யுஎஸ்பியில் செருகும் டிரைவ் போதும். ஐந்தேகால் அங்குலத்துக்கு அது உதவாது. பழைய டிரைவ் உள்ள கணினி வைத்திருப்பவரைத்தான் தேட வேண்டும். டிரைவில் போடுவதற்கு முன் பிளாப்பியின் உலோக மூடியை விரலால் நகர்த்தி, உள்ளே கறுப்பு வட்டைப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் பூஞ்சை பிடித்திருக்கிறது. அதை அப்படியே சுழலவிடாதீர்கள். அது டிரைவின் படிக்கும் முனையில் ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல பிளாப்பியையும் கீறிவிடும். என்னுடைய இரண்டு பிரதிகளில் ஒன்று அப்படித்தான் போயிற்று. நல்லதாக இருந்தால் ஒரே ஒரு முறை எல்லாக் கோப்புகளையும் கணினிக்கு நகலெடுத்துவிட்டு பிளாப்பியை ஓய்வெடுக்க விடுங்கள். இந்த விளையாட்டுக்குப் பதிப்புரிமை இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆகவே உங்களுடைய சொந்தப் பிரதியிலிருந்தே எடுங்கள்.

நகலெடுத்த கோப்பை விண்டோஸில் இரட்டைச் சொடுக்கு செய்தால், இந்தக் கணினியில் இது இயங்காது என்று ஒரு செய்தி வரும். கோப்பு கெட்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். ஸ்டன்ட்ஸ், விண்டோஸுக்கு முந்தைய டாஸ் என்ற இயங்குதளத்துக்காக எழுதிய 16 பிட் நிரல். 64 பிட் விண்டோஸில் அந்த வகை நிரல்களுக்கு இடமே இல்லை. அதனால் கணினிக்குள் ஒரு பழைய கணினியை உருவாக்கித்தரும் டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருள் தேவை. அது இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நான் பயன்படுத்துவது 0.74-3 என்ற பதிப்பு. கீழே சொல்லும் அமைப்புகள் அதற்கானவை.

விளையாட்டுக் கோப்புகளைச் சி டிரைவில் நேரடியாக ஒரு கோப்புறையில் வையுங்கள். பெயர் எட்டு எழுத்துக்குள், இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். டாஸுக்கு நீண்ட பெயர்கள் தெரியாது. டாஸ்பாக்ஸைத் திறந்ததும் ஒரு கறுப்புத் திரை வரும். அதில் மவுன்ட் என்ற கட்டளை, ஓர் இடைவெளி, சி என்ற எழுத்து, மீண்டும் ஓர் இடைவெளி, பிறகு உங்கள் கோப்புறையின் முழு முகவரி. என்டர் தட்டுங்கள். அடுத்த வரியில் சி, முக்காற்புள்ளி, என்டர். இப்போது டாஸ்பாக்ஸுக்குள் அந்தக் கோப்புறைதான் சி டிரைவ். என்னிடம் உள்ள பதிப்பில் செட்டப் என்று ஒரு நிரல் இருக்கிறது. முதலில் அதை இயக்கி ஒலிக்கு ஆட்லிப் என்ற ஒலி அட்டையைத் தேர்ந்தெடுங்கள். பின்னர் ஸ்டன்ட்ஸ் என்று தட்டினால் விளையாட்டு வந்துவிடும். வந்ததும் மூடிவிடுங்கள். இனிமேல்தான் அளவுகோலுக்கு வேலை.

ஸ்டார்ட் பட்டியலில் டாஸ்பாக்ஸ் ஆப்ஷன்ஸ் என்பதைச் சொடுக்கினால் நோட்பேடில் ஒரு கோப்பு திறக்கும். அதில் ரெண்டர் என்ற பகுதியில் ஆஸ்பெக்ட் என்ற வரி இருக்கும். அதற்கு எதிரே ஃபால்ஸ் என்று இருப்பதை ட்ரூ என்று மாற்றுங்கள். எஸ்டிஎல் பகுதியில் அவுட்புட் என்பதை ஓப்பன்ஜிஎல் என்றும், ஃபுல்ரெசல்யூஷன் என்பதை டெஸ்க்டாப் என்றும் மாற்றுங்கள்.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்த விளையாட்டின் படம் அகலத்தில் 320 புள்ளி, உயரத்தில் 200 புள்ளி. ஆனால் அன்றைய மானிட்டரின் திரை 4-க்கு 3 என்ற விகிதத்தில் இருந்தது. படம் அந்தத் திரை முழுவதும் விரிந்ததால், ஒவ்வொரு புள்ளியும் சற்று உயரமாக நீண்டிருந்தது. இன்றைய திரையில் புள்ளிகள் சதுரமானவை. அப்படியே காட்டினால் படம் உயரத்தில் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். கார் அகன்று தெரியும், மேடு தாழ்ந்து தெரியும், தாவல் எப்போது வரும் என்று கண் போடும் கணக்கு தவறும். தம்பி கையை எடுத்ததற்கு இதுதான் பாதிக் காரணம்.

பள்ளிக்கூட அளவுகோலை எடுத்துத் திரையில் படத்தை அளந்து பாருங்கள். அகலம் 24 சென்டிமீட்டர் இருந்தால் உயரம் 18 இருக்க வேண்டும். 15 என்று காட்டினால் ஆஸ்பெக்ட் வரி வேலை செய்யவில்லை என்று பொருள். கோப்பைச் சேமித்தீர்களா என்று பாருங்கள். ஆல்ட்டும் என்டரும் சேர்த்து அழுத்தி முழுத் திரைக்குப் போனால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழும். அந்தப் பட்டை இருக்கத்தான் வேண்டும். திரையை நிரப்பும் ஆசையில் இழுத்துவிடாதீர்கள்.

மீதிப் பாதிக் காரணம் வேகம். டாஸ்பாக்ஸ் உருவாக்கும் பழைய கணினி எவ்வளவு வேகமாக வேலை செய்ய வேண்டும் என்பதைச் சைக்கிள் என்ற எண்ணால் சொல்கிறோம். அதே கோப்பில் சிபியு பகுதியில் சைக்கிள்ஸ் என்ற வரி ஆட்டோ என்று இருக்கும். அது இருக்கும்வரை டாஸ்பாக்ஸ் இதுபோன்ற பழைய நிரலுக்கு 3000 சைக்கிள்தான் தரும். ஸ்டன்ட்ஸின் முப்பரிமாணப் படத்துக்கு அது போதாது. அதனால்தான் விட்டுவிட்டு ஓடியது. ஆட்டோவை அழித்துவிட்டு 10000 என்று எழுதி ஓட்டிப் பாருங்கள். ஓடும்போதே கன்ட்ரோலுடன் எஃப் 12 அழுத்தினால் கூடும், எஃப் 11 அழுத்தினால் குறையும். சாளரத்தின் தலைப்பில் எண் தெரியும். மடிக்கணினியில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த நேரிடலாம். எங்கள் மடிக்கணினிக்கு 20000 சரியாக இருந்தது. கண்மூடித்தனமாக ஏற்றினால் ஒலி கரகரக்கத் தொடங்கும். அப்போது கொஞ்சம் இறங்குங்கள்.

சைக்கிளை ஏற்றினால் கார் தறிகெட்டு ஓடுமோ என்று பயந்தேன். ஓடாது. ஸ்டன்ட்ஸ் நொடியை இருபதாகப் பகுத்துக் கணக்கிடுகிறது. முடிவில் காட்டும் நேரத்தின் கடைசி இலக்கம் எப்போதும் 0 அல்லது 5 என்பதைக் கவனித்தால் புரியும். கணினி எவ்வளவு வேகமானாலும் அந்தக் கணக்கு மாறுவதில்லை. படம்தான் வழுவழுப்பாகிறது.

கையேட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். விளையாட்டு நடுவில் ஒரு வாக்கியத்தைக் காட்டி, கையேட்டிலிருந்து விடுபட்ட சொல்லைக் கேட்கும். தவறாகச் சொன்னால் உடனே துரத்தாது. பந்தயத்தைத் தொடங்க விட்டு, சில நொடிகளில் காரைத் தானாகவே நொறுக்கிவிடும். அமைப்பில் ஏதோ பிழை என்று எண்ணி அதைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

விசைகள் சில சொற்களில்: மேல் அம்பு முடுக்கம், கீழ் அம்பு பிரேக், ஏ மேல் கியர், இசட் கீழ் கியர். கேம்பேட் செருகியிருந்து கார் தானாக ஒரு பக்கம் இழுத்தால், அதே டாஸ்பாக்ஸ் கோப்பில் ஜாய்ஸ்டிக்டைப் என்ற வரியை நன் என்று மாற்றுங்கள். மேக்கில் எஃப் 11, எஃப் 12 விசைகள் வேறு வேலைக்குப் போய்விடலாம். அங்கே சைக்கிள் எண்ணைக் கோப்பிலேயே எழுதிவிடுவது நல்லது.

முதல் பந்தயத்துக்குப் பெர்னி ரப்பரை எதிராளியாக எடுங்கள். ஆறு பேரில் அவர்தான் மெதுவானவர். ஸ்கிட் விஷியஸ் பக்கம் ஒரு மாதம் போகாதீர்கள். காரில் பலரும் முதலில் எடுப்பது போர்ஷே மார்ச் இண்டியை, வேகத்துக்காக. நான் அக்யூரா என்எஸ்எக்ஸில் தொடங்கச் சொல்வேன். திருப்பத்தில் சொன்னபடி கேட்கும். வளையத்தில் ஏறும்போது முடுக்கத்தை விடாதீர்கள், திருப்பவும் வேண்டாம். வேகம் போதாவிட்டால் உச்சியிலிருந்து விழுவீர்கள். பாதையைக் குறுக்கே வெட்டிச் சென்றால் அபராத நேரம் சேரும். விழுந்தாலும் கவலை இல்லை: மறுபார்வையில் விழுவதற்கு முந்தைய இடம் வரை பின்னால் போய், அங்கிருந்தே ஓட்டலாம். வளையத்தை நான் அப்படித்தான் கற்றேன்.

பாதை வரைபலகை 30-க்கு 30 கட்டம். தார், மண், பனி என்று மூன்று வகைத் தளங்கள். ஒரு முழுப் பாதையின் கோப்பு 1802 பைட்தான். நாம் கைபேசியில் அனுப்பும் ஒரு காலை வணக்கப் படத்தை விடப் பல மடங்கு சிறியது. அது உங்கள் கோப்புறையில் டிஆர்கே என்ற ஈற்றோடு இருக்கும். பந்தயப் பதிவுகள் ஆர்பிஎல் என்ற ஈற்றோடு இருக்கும். இரண்டையும் மின்னஞ்சலில் அனுப்பலாம்.

தம்பி கோயம்புத்தூரிலிருந்து ஞாயிறுதோறும் ஒரு பாதை அனுப்புகிறான். நான் ஓட்டிய பதிவைத் திருப்பி அனுப்புகிறேன். போன வாரம் அனுப்பியதில், பனித் திருப்பம் முடிந்த அடுத்த கட்டத்திலேயே வளையத்தை வைத்திருந்தான். இதுவரை பதினேழு முறை விழுந்திருக்கிறேன். விளையாட்டு திறந்திருக்கும்போதே புதுக் கோப்பைக் கோப்புறையில் போட்டால் பட்டியலில் அது தெரியாது. கன்ட்ரோலுடன் எஃப் 4 ஒரு முறை அழுத்துங்கள், வந்துவிடும்.