தண்டர்பேர்டில் பதில் மடலின் முகப்பு வரியைத் தமிழில் அமைப்பது எப்படி?

தமிழில் வந்த மடலுக்குத் தமிழிலேயே பதில் எழுதினாலும், மேற்கோளாக வரும் பழைய மடலின் மேலே 'இன்ன நாளில் இன்னார் எழுதினார்' என்னும் பொருளுடைய வரி ஆங்கிலத்தில்தான் வந்து நிற்கிறது. அதை ஒவ்வொரு முறையும் கையால் திருத்த வேண்டியதில்லை; கணினியில் நிறுவிய தண்டர்பேர்ட் என்னும் மின்னஞ்சல் செயலியில் ஒருமுறை மாற்றினால் போதும்.

முதலில் செட்டிங்ஸ் பக்கத்தில் 'ஜெனரல்' பகுதியின் அடிவரை சென்று, 'கான்ஃபிக் எடிட்டர்' பொத்தானை அழுத்துங்கள். எச்சரிக்கை ஒன்று தோன்றும். அதை ஏற்று உள்ளே செல்லலாம்; ஆனால் இங்கே சொல்லப்படும் இரண்டு அமைப்புகளைத் தவிர வேறெதையும் தொடாதீர்கள்.

அடுத்து, தேடல் பெட்டியில் 'ரிப்ளை', 'ஹெட்டர்' ஆகிய சொற்களை அண்டர்ஸ்கோரால் (_) இணைத்து ஆங்கில எழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள். வரும் பட்டியலில் 'டைப்' என்று முடியும் அமைப்பின் மதிப்பு 2 ஆக இருக்க வேண்டும். அது 0 ஆக இருந்தால் முகப்பு வரியே வராது. 1 ஆக இருந்தால் நாளும் நேரமும் இல்லாமல் பெயர் மட்டும் வரும்.

பிறகு, 'ஆன்', 'டேட்', 'ஆதர்', 'ரோட்' என்ற நான்கு சொற்களும் ஒட்டி முடியும் அமைப்பைக் கண்டுபிடித்து, பென்சில் படத்தை அழுத்தி, பெட்டியில் உள்ளதை அழித்துவிட்டு இவ்வாறு எழுதிச் சேமியுங்கள்:

#2 அன்று (#3) #1 எழுதியது:

இதில் #1 அனுப்பியவரின் பெயர், #2 நாள், #3 நேரம். இவற்றின் வரிசையை நம் விருப்பப்படி மாற்றலாம் என்பதால், வினையை இறுதியில் வைக்கும் தமிழ் வாக்கிய அமைப்புக்கு எந்தக் குறையும் நேர்வதில்லை. நேரத்துக்குப் பின் 'மணிக்கு' என்று சேர்க்காமல் அடைப்புக்குறிக்குள் வைத்ததற்குக் காரணம் உண்டு: சில கணினிகளில் நேரத்துடன் முற்பகல், பிற்பகல் குறியும் சேர்ந்து வருவதால், அங்கே 'மணிக்கு' பொருந்தாது. அவ்வாறே 'எழுதினார்' என்பது நண்பரின் மடலுக்குப் பொருந்தினாலும், வங்கியிலிருந்து வந்த மடலுக்கு ஒட்டாது. 'எழுதியது' இருவருக்கும் பொருந்தும். #1 உடன் வேற்றுமை உருபு எதையும் ஒட்டாமல் இருப்பதும் நல்லது, ஏனெனில் பெயர் எந்த எழுத்தில் முடியும் என்பதை முன்கூட்டியே அறிய முடியாது.

ஏதேனும் ஒரு மடலைத் திறந்து பதில் பொத்தானை அழுத்தினால் புதிய வரி தெரியும், அனுப்பாமலே மூடிவிடலாம். மேற்கோளுக்கு மேலே எழுதுவதா கீழே எழுதுவதா என்பது தனி அமைப்பு. அது கணக்கு அமைப்புகளில் 'கம்போசிஷன் அண்ட் அட்ரஸிங்' பகுதியில் உள்ளது.

பலர் தவறாகக் கருதும் ஒன்றையும் சொல்ல வேண்டும். பதில் மடலின் பொருள் வரியை முழுவதும் மாற்றினாலும் அது புதிய மடலாகிவிடாது. 'இன்-ரிப்ளை-டு', 'ரெஃபரன்சஸ்' என்னும் கண்ணுக்குத் தெரியாத தலைப்புகள் பழைய மடலின் அடையாளத்தைச் சுமந்து செல்வதால், பெறுபவரிடம் அது பழைய உரையாடலின் அடியிலேயே சேரக்கூடும். புதிய செய்திக்குப் புதிய மடலையே தொடங்குங்கள்.

முகப்பு வரி பிடிக்கவில்லையென்றால், அதே அமைப்பின் வலப்பக்கத்தில் உள்ள வளைந்த அம்பை அழுத்தினால் பழைய நிலை திரும்பிவிடும்.