ஒரு போனும் ஒரு கதிரையும்: வீட்டிலேயே நேர்காணல் எடுப்பது எப்படி?

முள்ளியவளையில் என் பெரியம்மாவை முதன்முதலாகப் பதிந்தபோது அவரை விறாந்தையில் இருத்தினேன். பின்னால் நடுப்பகல் வெயில். வீட்டுக்கு வந்து பார்த்தால் முற்றம் பளிச்சென்று இருக்கிறது, பெரியம்மாவின் முகம் கறுத்துப் போயிருக்கிறது. குரலுக்கு மேலே ஃபான் சத்தம் வேறு. மறுபடி போய்க் கேட்டேன். "அதுதான் அண்டைக்கே சொன்னனே பிள்ளை" என்று பாதிக் கதையோடு நிறுத்திவிட்டார். அதனால் போனைக் கையில் எடுக்கும் முன் செய்ய வேண்டியவற்றிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் சத்தம். படம் கொஞ்சம் மங்கினாலும் பார்ப்பார்கள். குரல் கேட்காவிட்டால் மூடிவிடுவார்கள். எடுக்கப்போகும் இடத்தில் ஒரு நிமிடம் கண்ணை மூடி இருங்கள். ஃபான், பிரிட்ஜ், பாண் ஆட்டோவின் பாட்டு எல்லாம் அப்போதுதான் காதில் விழும். ஃபானையும் பிரிட்ஜையும் நிறுத்துங்கள். மோட்டார் சைக்கிள் சாவியைப் பிரிட்ஜுக்குள் வைத்துவிட்டால், போகும்போது பிரிட்ஜைத் திரும்பப் போட மறக்க மாட்டீர்கள். வெறும் சீமெந்து அறை என்றால் குரல் எதிரொலிக்கும். கமராவுக்குத் தெரியாத பக்கங்களில் பெட்சீட், சேலை தொங்கவிடுங்கள். கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வெட்டவெளி வேண்டாம், வீட்டின் காற்றுப்படாத பக்கம் போங்கள். சட்டையில் குத்தும் சின்ன மைக் ஒன்று வாங்க முடிந்தால் வேறெதற்கும் முன் அதை வாங்குங்கள். நாடியிலிருந்து ஒரு சாண் கீழே குத்தவேண்டும். சேலைத் தலைப்போ சங்கிலியோ அதில் உரசக்கூடாது. சும்மா இரண்டு வார்த்தை பேசவைத்துப் பதிந்து, இயர்போனில் கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது வெளிச்சம். காலை பத்து மணிக்கு முன் அல்லது பின்னேரம் நாலு மணிக்குப் பின் நல்லது. பேசுபவரின் முகம் யன்னலையோ வாசலையோ பார்த்திருக்கட்டும். மாமர நிழல் ஆசை காட்டும், ஆனால் இலைகளுக்கிடையே விழும் வெயில் முகத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். டியூப் லைட்டில் படம் துடிப்பதற்குக் காரணம் நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதுதான். அந்த விளக்கு செக்கனுக்கு 100 தடவை கூடிக் குறையும். போன் கமராவில் அளவுகளை நாமே மாற்றும் புரோ மோட் இருந்தால் செக்கனுக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 செக்கன் என்று வையுங்கள். இல்லையென்றால் லைட்டை அணைத்துவிடுங்கள்.

போனைக் கிடையாக, பேசுபவரின் கண் மட்டத்தில் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பின்பக்கக் கமராதான் நல்லது, லென்சைத் துடைத்துவிடுங்கள். ஏரோபிளேன் மோடில் போடுங்கள். முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகசும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். நீங்கள் லென்சுக்குப் பக்கத்திலேயே இருந்தால் அவர் பார்வையும் அங்கேயே இருக்கும்.

இனிக் கேள்வி. "கஷ்டமா இருந்ததா?" என்றால் "ஓம்" என்று முடிந்துவிடும். "இரணைமடுக் குளத்துத் தண்ணி உங்கட வயலுக்கு வந்த நாளைச் சொல்லுங்கோ ஐயா" என்று கேளுங்கள். அவர் பேசும்போது "ஓம், ஓம்" போடாமல் தலையை மட்டும் ஆட்டுங்கள். பேச்சு நின்றால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள், மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். இடப்பெயர்வைப் பற்றிப் பேசும்போது குரல் உடைந்தால், "நிப்பாட்டவா அம்மா?" என்று கேட்டு அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

முடிந்ததும் எல்லோரும் பேசாமல் இருக்க, அந்த இடத்தின் சத்தத்தை 30 செக்கன் பதியுங்கள். வெட்டி ஒட்டும்போது இடைவெளி நிரப்ப உதவும். கைகள், பழைய படம், படலை என்று சிலவற்றைத் தனியே எடுங்கள். தேத்தண்ணி வரும்போது பேச்சு திரும்பவும் தொடங்கும். "இதையும் பதியலாமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பவும் போனில் பதியத் தொடங்குங்கள்.