புதிய புல்தரையில் காய்ந்த திட்டுகள்: தண்ணீர்க் குழாயைக் கையில் எடுப்பதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புல் பாய்களை விரித்து ஒரு வாரமோ பத்து நாளோ ஆனபின், பசுமைக்கு நடுவே வைக்கோல் நிறத்தில் ஒரு திட்டு தலைகாட்டினால், பெரும்பாலோர் முதலில் செய்வது குழாயை இழுத்து வந்து அந்த இடத்தை நனைப்பதுதான். மறுநாள் திட்டு பெரிதானால் இன்னும் கூடுதலாக நனைப்பார்கள். அதற்கும் மசியவில்லை என்றால் உரமும், அதன்பின் மருந்தும் வந்து சேரும். இந்த வரிசையில் விடுபட்டுப் போவது ஒன்றே ஒன்று: திட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

புதிதாக விரித்த புல்தரையை ஒரே தரை என்று எண்ணுவதிலேயே தவறு தொடங்குகிறது. உண்மையில் அங்கே ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மண் படுக்கைகள் இருக்கின்றன. பண்ணையில் அறுத்தெடுக்கப்படும் புல் பாயோடு ஒட்டிவரும் மண்ணின் தடிமன் ஏறத்தாழ 1.5 முதல் 2.5 செ.மீ. வரைதான். அறுக்கும்போதே வேர்களில் பெரும்பகுதி வெட்டுண்டு பண்ணை நிலத்திலேயே தங்கிவிடுகிறது. எஞ்சிய வேர்களிலிருந்து புதியவை கிளம்பிக் கீழுள்ள நிலத்துக்குள் இறங்கும்வரை, அந்தப் பாய் தரைமேல் வைத்த ஆழமற்ற தட்டுப் போன்றதே. புல் வளரும் பருவத்தில் வேர் பிடிக்க இரண்டு மூன்று வாரங்கள் ஆகும்; ஆழமாக இறங்க அதற்கும் மேலாகும். அதுவரை பாய் எங்கெல்லாம் நிலத்தோடு ஒட்டாமல் நிற்கிறதோ, அங்கெல்லாம் அது தன்னிடமுள்ள இரண்டு செ.மீ. ஈரத்தை மட்டுமே நம்பியிருக்கிறது. கடும் வெயிலில் அந்த ஈரம் ஒரு பகல்கூடத் தாங்காது.

ஆகவே மேலிருந்து பார்த்து மட்டும் முடிவு கட்டுவதே தவிர்க்க வேண்டிய தவறுகளில் முதன்மையானது. திட்டின் ஓரத்தில் உள்ள பாயின் ஒரு மூலையை மெல்லத் தூக்கிப் பார்க்க வேண்டும். பாயின் மண்ணும் கீழுள்ள நிலமும் ஒருசேர வறண்டிருந்தால் தண்ணீர் போதவில்லை என்பது தெளிவு. பாய் ஈரமாகவும் நிலம் உலர்ந்தும் இருந்தால், ஊற்றும் நீர் மேலோடு நின்றுவிடுகிறது என்று பொருள். இரண்டும் சொதசொதவென்று இருந்து, புளித்த நாற்றமும் வீசினால், பிரச்சினை வறட்சியே அல்ல. பாய்க்கும் நிலத்துக்கும் இடையே விரல் நுழையும் அளவுக்கு வெற்றிடம் தெரிந்தால், தரையைச் சமன்படுத்தும்போது ஒரு பள்ளம் விட்டுப்போயிருக்கிறது. இந்தச் சோதனையை ஒரு திட்டுக்கு ஒருமுறை செய்தால் போதும். ஆர்வ மிகுதியால் தினமும் தூக்கிப் பார்ப்பவர்கள், அப்போதுதான் இறங்கத் தொடங்கிய வெண்ணிற நுனி வேர்களைத் தம் கையாலேயே அறுத்துவிடுகிறார்கள்.

திட்டின் வடிவத்தைக் கவனியாமல் விடுவதும் அதேயளவு நட்டம் தருவது. வடிவமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். இரண்டு பாய்கள் சேரும் கோட்டை ஒட்டிப் பழுப்பு ஓடினால், பாய்கள் உலர்ந்து சுருங்கி இடைவெளி விட்டிருக்கின்றன. அந்த இடைவெளி வழியே இரு பக்க விளிம்புகளிலிருந்தும் ஈரம் வெளியேறுகிறது. மணல் கலந்த நல்ல மண்ணால் அந்தப் பிளவை நிரப்பி நனைத்துவிட வேண்டுமே தவிர, பாயை இழுத்து நீட்டி இடைவெளியை மூட முயலக் கூடாது. இழுத்த பாய் மீண்டும் சுருங்கும். சிமெண்ட் நடைபாதையையோ சுவரையோ ஒட்டிய விளிம்பு மட்டும் காய்ந்தால், அந்தப் பரப்பு உமிழும் வெப்பமே காரணம். வெட்டி மிஞ்சிய சிறு துண்டுகளைக் கொண்டு ஓரங்களை ஒட்டுப்போடும் வழக்கம் இங்கேதான் பழிவாங்குகிறது: துண்டு சிறியதாக இருக்க இருக்க விரைவில் காயும், ஓரமோ ஏற்கெனவே சூடான இடம். சிறு துண்டுகளை நடுவில் வைத்து, ஓரத்துக்கு முழுப் பாயைப் பயன்படுத்துவதே முறை.

ஒரு முழுப் பாய் மட்டும் செவ்வக வடிவில் மஞ்சளித்துக் கிடக்க, அதன் நான்கு பக்கத்துப் பாய்களும் பசுமையாக இருந்தால், குறை பெரும்பாலும் உங்கள் தரையில் இல்லை. சுருட்டி அடுக்கிய நிலையில் நெடுநேரம் கிடக்கும் புல் தன் சுவாசத்தாலேயே உட்புறம் சூடேறி வெந்துவிடும். அதனால்தான் வந்திறங்கிய 24 மணி நேரத்துக்குள் விரித்துவிட வேண்டும் என்கிறார்கள். கரும்பச்சை வளையத்துக்கு நடுவே வட்டமாகக் கருகியிருந்தால் அது நாயின் சிறுநீர். அதிலுள்ள தழைச்சத்து நடுவில் மிகையாகிப் புல்லை எரித்து, ஓரத்தில் அளவோடு பரவி உரமாகிறது. நேர்க்கோட்டுப் பட்டைகளாகக் கருகியிருந்தால் உரம் தூவிய கருவி ஒரே இடத்தில் இருமுறை சென்றிருக்கும். காரணமே தெரியாத ஒழுங்கற்ற திட்டு, எவ்வளவு நனைத்தாலும் அதே இடத்தில், அதே அளவில் திரும்பத் திரும்ப வந்தால், நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்றை அங்கே குத்திப் பாருங்கள். ஈரமண்ணில் அது எளிதாக இறங்க வேண்டும். இரண்டு விரற்கடை ஆழத்தில் டொக்கென்று முட்டினால், கட்டட வேலையில் புதைந்துபோன செங்கல்லோ காரைக் கட்டியோ அங்கே இருக்கிறது. அதைத் தோண்டி எடுக்காமல் தண்ணீராலோ உரத்தாலோ தீர்வு கிடைக்காது. புதைந்த கல்லை எடுக்க மனமில்லாமல் அதன்மேல் மூன்று முறை புல் மாற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன். நான்காவது முறையும் அது காய்ந்தது.

தண்ணீர் போதவில்லை என்று உறுதியானபின்னும் பலர் தவறுவது, கடிகாரத்தைப் பார்த்து நீர் விடுவதில்தான். 'தினமும் இருபது நிமிடம் விடுகிறேன்' என்ற கணக்குக்குப் பொருளே இல்லை. அந்த இருபது நிமிடத்தில் ஒரு மூலைக்கு 10 மி.மீ.யும் மற்றொரு மூலைக்கு 2 மி.மீ.யும் விழுந்திருக்கலாம். ஒரே அளவுள்ள, பக்கங்கள் செங்குத்தான ஆறேழு டப்பாக்களைக் காய்ந்த இடங்களிலும் பசுமையான இடங்களிலும் பரவலாக வைத்து, தெளிப்பானை 15 நிமிடம் ஓடவிட்டு, ஒவ்வொன்றிலும் நின்ற நீரின் உயரத்தை அளவுகோலால் அளந்தால் உண்மை வெளிப்படும். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. உயரம் என்பது 1 லிட்டர். இந்தக் கணக்கு கையில் இருந்தால், எந்த இடத்துக்கு எவ்வளவு குறைகிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. ஒரு தெளிப்பானின் வீச்சு அடுத்த தெளிப்பானின் அடிவரை எட்டாவிட்டால் இடையில் வறண்ட பட்டை விழுவது இயல்பு. அதைச் சரிசெய்யாமல் மொத்த நேரத்தை மட்டும் கூட்டினால், காய்ந்த பட்டை ஓரளவு தேறும்போது மற்ற இடங்கள் அழுகத் தொடங்கியிருக்கும்.

விரித்தவுடன் முதல்முறை விடும் நீர், பாயைக் கடந்து கீழ் நிலத்தில் 10 செ.மீ. அளவுக்காவது இறங்க வேண்டும். முதல் இரண்டு வாரங்கள் பாயும் அதன் அடிமண்ணும் உலராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வெப்பமான நாட்களில் அதற்கு ஒருமுறைக்கு மேலும் நீர் தேவைப்படலாம். அதன்பின் பாய் கையோடு வராமல் பிடித்துக்கொண்டால், நீர்விடும் நாட்களைக் குறைத்து, விடும்போது ஆழமாக விட வேண்டும். இந்த மாற்றத்தைச் செய்யாமல் தினமும் மேலோட்டமாகத் தெளித்துக்கொண்டே இருப்பவர்களின் புல், வேரைக் கீழே அனுப்ப வேண்டிய தேவையே இல்லாமல் மேல் மண்ணிலேயே பின்னிக்கிடக்கும். பிறகு ஒருநாள் நீர் தவறினாலும் திட்டுத்திட்டாகச் சாயும்.

இதற்கு நேர்மாறான தவறுதான் உண்மையில் அதிகப் புல்லைக் கொல்கிறது என்பது என் கணிப்பு. மண் நீரில் மூழ்கியிருக்கும்போது அதன் துளைகளில் காற்று இல்லை. காற்றில்லாத வேர் நீரை உறிஞ்சும் திறனை இழக்கிறது. நண்பகல் வெயிலில் இலை நீரை வெளிவிட்டுக்கொண்டே இருக்க, வேரோ நீர் நடுவே நின்றும் அதை மேலே அனுப்ப முடியாமல் தவிக்கிறது. வெளியே தெரியும் அறிகுறியோ வறட்சிக்குரிய அதே வாட்டம்: நீலச் சாம்பல் பூத்த நிறம், சுருண்ட இலை, மிதித்த கால்தடம் நிமிராமல் அப்படியே பதிந்து நிற்பது. இதை வறட்சி என்று எண்ணி மேலும் நீர் விட்டால், முதலில் வேரும் பிறகு பூஞ்சை பிடித்த தண்டும் அழுகும். பாயின் மூலையைத் தூக்கிப் பார்க்கும் அரை நிமிட வேலை இந்த ஒரு குழப்பத்தைத் தீர்த்தாலே அதற்கான பயன் கிடைத்துவிட்டது. நீர் மிகுந்த இடத்தில் சில நாட்கள் நீரை நிறுத்துவதும், மீண்டும் தொடங்கும்போது மாலையில் விடாமல் அதிகாலையில் விடுவதுமே சிகிச்சை; இரவு முழுதும் நனைந்து கிடக்கும் இலைதான் பூஞ்சைக்கு உவப்பான இடம்.

நீர் விட்டும் மண் நனைய மறுக்கும் வினோதமான நிலை ஒன்று உண்டு. அதை அறியாதவர்கள் வாரக்கணக்கில் வீணாக நீர் பாய்ச்சுவார்கள். முற்றிலும் உலர்ந்துபோன மணற்பாங்கான மண்ணிலும், மட்கு மிகுந்த மண்ணிலும், மண் துகள்களின்மேல் மெழுகு போன்ற கரிமப் படலம் படிந்துவிடும். அதன்பின் விழும் நீர், தாமரை இலைமேல் விழுந்ததுபோல உருண்டு பக்கவாட்டில் ஓடிவிடும். அருகிலுள்ள புல் செழிக்க, அந்த இடம் மட்டும் தூசியாகவே இருக்கும். காய்ந்த இடத்தின் அடிமண்ணை எடுத்து ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள். சொட்டு ஐந்து விநாடிக்கு மேலும் உள்ளிறங்காமல் முத்தாக நின்றால் மண் நீரை விலக்குகிறது என்று கொள்ளலாம். இங்கே ஒரே மூச்சில் நிறைய ஊற்றுவதால் பயனில்லை. தோட்ட முட்கரண்டியால் 8 முதல் 10 செ.மீ. ஆழத்துக்கு நெருக்கமாகத் துளையிட்டு, எழும்பிய பாயைக் காலால் அழுத்திவிட்டு, சிறிது நீர், கால் மணி நேர இடைவெளி, மீண்டும் சிறிது நீர் என்று நான்கைந்து தவணையாக நனைக்க வேண்டும். புல்தரைக்கென்று விற்கப்படும், மண்ணை நனையச் செய்யும் கரைசலை அதன் உறையில் குறித்த அளவில் கலந்து விட்டால் வேலை எளிதாகும். அதற்குப் பதிலாகத் துணி சோப்பு நீரை ஊற்றும் யோசனையை நான் ஏற்பதில்லை. அது இலையையும் மண்ணையும் கெடுக்கக்கூடியது.

காய்ந்த திட்டுக்கு உரமிடுவது பசித்தவனுக்கு உப்பை ஊட்டுவது போன்றது. யூரியா முதலான உரங்கள் மண்ணில் கரைந்து உப்புச்செறிவை ஏற்றுகின்றன. ஏற்கெனவே நீரின்றி வாடும் வேர், அந்தச் செறிவான கரைசலிலிருந்து நீரைப் பெறுவதற்குப் பதிலாகத் தன் நீரையும் இழக்கத் தொடங்கும். வேர் பிடித்துப் புதுத் துளிர் வரும்வரை உரப்பையைத் தொடாதிருப்பதே நல்லது.

பூச்சிமருந்து விஷயத்தில் புதுத் தரைக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. வேர்ப்புழு தின்ற புல்தரை கம்பளம்போல உரிந்து வரும் என்பது தோட்டக்காரர்கள் அறிந்த அடையாளம். ஆனால் இன்னும் வேர் பிடிக்காத புதுப் பாயும் அப்படியேதான் உரிந்து வரும். உரிந்து வருவதை மட்டும் வைத்து மருந்து தெளிப்பது தவறு. அடியில் அரைவட்டமாக வளைந்து கிடக்கும் வெள்ளைப் புழுக்களைக் கண்ணால் கண்டால் மட்டுமே அதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

வெட்டுவதிலும் அவசரம் கூடாது. பாய் இழுத்தாலும் அசையாத அளவுக்குப் பிடித்தபின்பே முதல் வெட்டு. அதுவும் ஒருமுறைக்கு உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. மழுங்கிய கத்தி நுனியைக் கிழித்து வெளிறச் செய்வதால், தொலைவிலிருந்து பார்த்தால் தரை முழுவதும் காய்ந்ததுபோலத் தெரியும்; நோயென்று எண்ணுவதற்கு முன் ஒரு இலையைப் பறித்து நுனியைப் பார்க்கலாம்.

கடைசியாக, பழுத்த புல்லெல்லாம் செத்த புல் என்று முடிவுகட்டிப் பிடுங்கி எறிவது. இலை காய்ந்தாலும், இலையும் வேரும் சேரும் அடிக்கணு வெளிறி உறுதியாக இருந்தால் உயிர் இருக்கிறது. அது பழுத்து நொறுங்கினாலோ கூழாகிவிட்டாலோதான் போய்விட்டது. அருகம்புல் வகைகள் ஓடுதண்டுகளால் பரவுவதால், உள்ளங்கை அளவுள்ள இழப்பைத் தாமே மூடிக்கொள்ளும். தூர்கட்டி வளரும் புல் வகைகள் அப்படிப் பரவுவதில்லை. அங்கே ஒட்டுப்போட்டே ஆக வேண்டும். செத்த பாயின்மேலேயே புதுப் பாயை வைப்பது இதில் வழக்கமாக நடக்கும் பிழை. பழையதைச் சதுரமாக வெட்டி எடுத்து, அடிமண்ணைக் கிளறி, பள்ளமிருந்தால் நிரப்பி, நனைத்து, புதுத் துண்டைச் சுற்றிலும் இடைவெளியின்றிப் பதித்து, சுற்றுப்புறத்தோடு சமமாக வரும்படி அழுத்த வேண்டும். அதன்பின் பலரும் மறப்பது ஒன்று: மற்ற தரை அப்போது மூன்று நாளைக்கொருமுறை நீர் பெறும் வயதுக்கு வந்திருந்தாலும், இந்தத் துண்டுக்கு வயது ஒருநாள்தான். அடுத்த இரண்டு வாரங்களுக்குத் தெளிப்பானை நம்பாமல், இந்த இடத்துக்கு மட்டும் தினமும் கையால் நீர் ஊற்ற வேண்டியிருக்கும்.